பொய்க்குளியல்

கோழி குளிப்பதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். வெயில் ஏறி, பதினொரு மணிக்கு மேல், உலர்ந்த மண்ணாகப் பார்த்து ஒரு பக்கமாகச் சாயும். காலால் கீறி, இறகுகளைச் சிலிர்த்து, சிறகை அடித்துப் புழுதியைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். தலையை மண்ணில் தேய்க்கும். பிறகு அசைவற்றுக் கிடக்கும். செத்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். எழுந்து ஒரே உதறல். எல்லாம் சேர்ந்து இருபது, முப்பது நிமிஷம். பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒருநாள்.

சுத்தத்துக்காகப் புழுதியைப் பூசிக்கொள்வது முரணாகத் தோன்றலாம். வாலடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து அலகால் எண்ணெய் எடுத்துக் கோழி இறகில் தடவுகிறது. அது நாள்பட்டால் பிசுக்காகிவிடும். பொடிமண் பிசுக்கை உறிஞ்சிக்கொண்டு உதிர்கிறது. பேனும் செள்ளும் அதோடு கொஞ்சம் போகின்றன. எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போடுகிறவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

நான் இருப்பது அடி அண்ணாமலையில், மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையிலிருந்து ஒரு சந்து தள்ளி. வாடகை வீடு. பின்முற்றம் முழுக்க சிமெண்ட். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் தார்தான், ஓரத்தில் நடைபாதைக் கல். வெறுங்காலோடு சுற்றுகிறவர்களுக்கு இது சௌகரியம். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கோழிதான் புழுதிக்கு வெகுதூரம் போகவேண்டியிருக்கிறது.

இரண்டு வெள்ளை லெக்ஹார்ன் பெட்டைகள் என்னிடம் வந்து சேர்ந்தன. முட்டை ஓய்ந்து பண்ணையில் கழித்துவிட்டவை. கறிக்கடைக்குப் போகும் வழியில் ஒரு நண்பர் வாங்கிக்கொண்டு வந்து விட்டார். கழுத்தில் இறகில்லை. கம்பிவலையைத் தவிர வேறு தரையை அவை மிதித்ததில்லை. மூன்றாம் நாள் ஒன்று, சிமெண்ட் தரையில், குளித்தது. சாய்ந்தது, கீறியது, சிறகடித்தது, தலையைத் தேய்த்தது, கிடந்தது. ஒரு அசைவு குறையவில்லை. எழுந்து உதறியது. உதற ஒன்றுமில்லை.

இதற்குப் பொய்க்குளியல் என்று ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மண்ணையே கண்டிராத கோழியும் கம்பிமேல் இதைச் செய்கிறது. ஆக, இந்த வேட்கை மண்ணைப் பார்த்து வருவதல்ல. மண்ணுக்கு முன்னாலேயே உள்ளே இருக்கிறது. பலநாள் மறுத்துவிட்டுப் பிறகு மண்ணைக் கொடுத்தால், விட்டதைப் பிடிப்பதுபோல அதிக நேரம் குளிக்கிறது. ஐரோப்பாவில் 1999இல் இட்ட ஓர் உத்தரவு, வெறுங்கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தது.  2012 தொடக்கத்திலிருந்து அந்த வெறுங்கூண்டும் அங்கே கூடாது. நம் சட்டக் கமிஷன் 2017இல் தன் 269ஆவது அறிக்கையை முட்டைக்கோழிகளுக்காகவும் கறிக்கோழிகளுக்காகவும் எழுதியது. நாமக்கல் முட்டை இன்னும் பெரும்பாலும் கூண்டிலிருந்துதான் வருகிறது.

பொருள் போன பிறகும் அசைவுகள் மட்டும் பிசகில்லாமல் நடப்பதை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம். பெயர் சொன்னால் சண்டை வரும்.

வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு நாலடிக்கு மூன்றடி சிமெண்டைக் கடப்பாரையால் பெயர்த்தேன். அடியில் செம்மண், இத்தனை வருஷமும் அங்கேயே இருந்திருக்கிறது. ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி, அந்த மண்ணையே சலித்து, பாதிக்கு மணல் கலந்தேன். பக்கத்து வீட்டு ஆயா சுவர்மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, கோழிக்குக் கொளம் வெட்றியா?"

"புழுதிக்குத்தான், ஆயா."

"அது தானே தேடிக்கும்பா, மண்ணு இருந்தா."

சற்றுப் பொறுத்து ஒரு சட்டி நிறையச் சாம்பல் கொண்டுவந்து தந்தாள். "வெறவுச் சாம்பல். பிளாஸ்டிக் கொளுத்தினது போட்டுடாத." காய்ந்த வேப்பிலையையும் கசக்கிப் போட்டேன். மேலே தகரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் சாம்பல் காரச்சேறாகிவிடும். கோழியின் தோலுக்கு ஆகாது.

ஒருமணி நேரத்துக்குள் ஆயாவின் நாட்டுக்கோழி சுவரேறி வந்து குழியைச் சுவாதீனம் செய்துகொண்டது. வெள்ளைகள் தள்ளி நின்று பார்த்தன. மறுநாள் ஒன்று குழியின் விளிம்புக்கு ஒரு சாண் இப்பால், சிமெண்டில் படுத்து முழுக் குளியலையும் முடித்தது. பழகிய கோழிகள் மண் பக்கத்தில் இருந்தும் இப்படிச் செய்வதுண்டு என்று படித்திருக்கிறேன். தூக்கி உள்ளே விடக் கை நீண்டது. விடவில்லை.

ஒன்பதாம் நாள் ஒன்று தானாக இறங்கியது. முதலில் கொத்தியது. நின்றது. பிறகு சட்டென்று சாய்ந்து, முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. உதறியபோது செம்புழுதி தகரம்வரை எழும்பியது.

மற்றது இன்றும் சிமெண்டில்தான். குழியிலிருந்து சிதறிய மண் கொஞ்சம் அது படுக்குமிடத்தில் சேர்ந்திருக்கிறது. அங்கே நான் பெருக்குவதில்லை.