ராத்திரி எனக்குப் பிடிக்கும்



"ராத்திரி ரெண்டு மணிக்கு ஆன்லைன்ல இருக்கீங்களே சார்" என்று போன மாதம் நாலைந்து பேர் கேட்டீர்கள். கேட்டது நல்லது. எனக்கு பைபோலார் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பகலில் வெளிச்சம், வாசல் மணி, "இப்ப எப்படி இருக்கீங்க?" எல்லாமே எனக்கு உரக்கக் கேட்கும். மனம் தாழ்ந்து கிடக்கும் நாட்களில் காலைப்பொழுதே மலையாகத் தெரியும். ஊர் அடங்கிய பிறகு, நன்றாக இருப்பதாக யாரிடமும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இந்த நோயில் ராத்திரிப் பிரியம் வெறும் ருசி இல்லை. சாதாரணமாகத் தூக்கம் கெட்டவர் மறுநாள் சோர்ந்துபோவார். மேனியா தொடங்கும்போதோ மூன்று மணி நேரத் தூக்கத்திலேயே உடம்பு துள்ளும். கண்விழிப்பு அதன் அடையாளம்; அதைக் கிளப்பிவிடுவதும் அதேதான்.

1949இல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் எழுதிய லித்தியம்தான் எனக்கு மருந்து. (கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு வாய்த்ததைப் பாருங்கள், அணு எண் 3!) ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள்.

டாக்டரிடம் பேசியபின், எட்டரையிலிருந்து பத்தரை வரை மொட்டை மாடி. பிறகு படுக்கை. மீதி இரவை விட்டுக்கொடுத்ததில் வருத்தம்தான். வீட்டம்மா தினசரிக் காலண்டரில் என் தூக்கத்தைக் குறித்து வைக்கிறார்.

பதினொரு மணிக்கு மேல் என்னிடமிருந்து நீளநீளமாக மெசேஜ் வந்தால் "சூப்பர் சார்" போடாதீர்கள். காலையில் வீட்டுக்கு போன் செய்து அம்மாவிடம் சொல்லுங்கள்.