குழாய் இருக்கிற தெரு

திருப்பூரில் ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டால் முதலில் ரோட்டின் பெயரைச் சொல்வார். பி.என். ரோடு, அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம் ரோடு, காங்கயம் ரோடு, ஊத்துக்குளி ரோடு. நகர், காலனி, தோட்டம் எல்லாம் அதற்கப்புறம்தான். ஊருக்கு நடுவே ரயில் பாதை ஓடுகிறது. அதற்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி நொய்யல். வடக்கே குடியிருந்து தெற்கே வேலைக்குப் போகிறவர் தினமும் இரண்டையும் தாண்டியாக வேண்டும். ஒரு நல்ல மழை பெய்தால் ரயில் பாலத்தடியில் தண்ணீர் நின்றுவிடும். அன்றைக்கு ஊரே இரண்டாகிவிடும்.

அக்கா மகனுக்கு இங்கே மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்திருக்கிறது. போனில் கேட்டான்: "சித்தி, எந்த ஏரியாவுல வீடு பாக்கட்டும்?" லிப்ட் வைத்த அபார்ட்மெண்ட் படங்கள் நாலைந்தும் அனுப்பியிருந்தான். படங்களில் பால்கனி இருந்தது, டைல்ஸ் இருந்தது, கார் நிறுத்துகிற இடம் இருந்தது. பின்கட்டு ஒன்றிலும் இல்லை.

என் அம்மா வீடு பார்த்தால் நேராகப் பின்கட்டுக்குத்தான் போவாள். தொண்ணூறுகளில் உசிலம்பட்டிப் பக்கம் மழை பொய்த்து, கிணறும் கைவிட்ட பிறகு நாங்கள் இங்கே வந்தோம். மாமா ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கருவம்பாளையத்தில் அவர் வீட்டில் இறங்கி, அங்கிருந்தே வீடு தேடினோம். அம்மா அறையை எட்டிக்கூடப் பார்க்காமல் தொட்டிக்குப் போய், தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்ப்பாள், நாக்கில் ஒரு சொட்டு வைப்பாள். ஒரு வீட்டுக்காரம்மாவுக்கு ஆச்சரியம்.

"ஏனுங் அம்மிணி, ஊட்டைப் பாக்காம தொட்டியப் பாக்கறீங்?"

"வீடு கெடக்கட்டும்க்கா. நல்ல தண்ணி என்னைக்கு வரும்? எத்தனை கொடம்?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். அந்த வீட்டில்தான் நாங்கள் குடியேறினோம்.

லைன் வீடு. ஒரு நீளமான கட்டடத்தைத் தடுத்துத் தடுத்து அறைகள், முன்னால் ஆள் நடக்கிற அளவுக்கு ஒரு சந்து, கடைசியில் எல்லோருக்குமாக இரண்டு கழிவறை, ஒரு தொட்டி. காலையில் எட்டரைக்கு முதல் ஷிப்ட் தொடங்கும். எல்லா வீட்டாரும் அதற்கு முன்னால் குளித்து, சமைத்து, டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். ஆகவே ஐந்து மணிக்கே கழிவறை முன்னால் வாளிகள் வரிசையில் நிற்கும். ஆளுக்குப் பதில் வாளி. எந்த வாளி யாருடையது என்று நிறத்தை வைத்தே தெரியும். எங்களுடையது கைப்பிடி போய், பனியன் வேஸ்ட்டைத் திரித்துக் கட்டிய பச்சை வாளி. அந்த வரிசையில் நின்றுதான் ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் என்ற சொற்களை நான் கற்றேன். எந்தக் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும், எங்கே ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டுக் காசை இழுத்தடிப்பார்கள் என்பதையும் அங்கேதான் கேட்டேன்.

போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. எவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தாலும் விறைத்துக்கொண்டே இருக்கும். பருப்புக்கென்று அம்மா ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தட்டுப் போட்டு மூடி, கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருப்பாள். அதைத் தொட்டால் அடிதான். நல்ல தண்ணீர் மாநகராட்சிக் குழாயில் வந்ததைவிட லாரியில் வந்ததுதான் அதிகம். பல்லடம் பக்கமும் அவிநாசிப் பக்கமும் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து இறைத்துக்கொண்டு வருவார்கள். அந்தத் தோட்டங்களில் என்ன விளைந்திருக்கும், தண்ணீரை விற்ற பிறகு என்ன விளைந்தது என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. லாரி சத்தம் கேட்டால் குடத்தோடு ஓடுவோம், அவ்வளவுதான்.

மாநகராட்சி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அப்போது அது நகராட்சி. மாநகராட்சியானது 2008-ல். திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல். 2011-ல் '15 வேலம்பாளையம்' என்ற ஊரும் நல்லூரும் சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகளும் மாநகராட்சியோடு சேர்ந்து 60 வார்டு ஆயின. ஊர் பெரிதாவதற்கு முன்பே ஜனங்கள் அங்கெல்லாம் போய்க் குடியேறிவிட்டார்கள். சோளக்காட்டுக்கு நடுவே லைன் வீடு முளைக்கும், அதற்குப் பின்னால் ரோடு வரும், விளக்கு வரும், கடைசியில்தான் குழாய் வரும்.

பருப்புகூட வேகாதபடி போரில் தண்ணீர் கெட்டதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாயப்பட்டறையும் பிளீச்சிங்கும் விட்ட கழிவு ஓடையிலும் நொய்யலிலும் இறங்கி, மண்ணுக்குள்ளும் போய்விட்டது. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு. சில ஆண்டுகளிலேயே அது எங்கள் ஊர்க் கழிவு தேங்கும் குட்டையானது. கீழே இருந்த விவசாயிகள் தேங்காயையும் மஞ்சளையும் இழந்து, கோர்ட்டுக்குப் போனார்கள். சுப்ரபாரதிமணியன் இதை வைத்துத்தான் 'சாயத்திரை' நாவலை எழுதினார். நாங்கள் அந்தப் பட்டறைகளில் வெளுத்த துணியைத்தான் செக் பண்ணிச் சோறு தின்றோம். இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பேசுகிறவர்கள் இந்த ஊரைப் பற்றிப் பாதிதான் பேசுகிறார்கள்.

எனக்கு அவிநாசி ரோட்டில் செக்கிங் வேலை கிடைத்ததும் அனுப்பர்பாளையம் பக்கம் வீடு மாறினோம். ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் முடிந்தால் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்து வீடு சேர வேண்டும், வழியெல்லாம் விளக்கு எரிய வேண்டும். தண்ணீருக்கு அடுத்து அம்மாவுக்கு அதுதான் கணக்கு. ஒருநாள் சாயங்காலம் கம்பெனி வாசலிலிருந்து வீடு வரை அவளே நடந்து பார்த்தாள். நடுவில் ஒரு காலி மனை. "இது எப்பக் கட்டுவாக?" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தாள்.

அனுப்பர்பாளையம் பாத்திரத்துக்குப் பெயர்போன இடம். ஊர் முழுக்கத் தையல் மெஷின் சத்தமென்றால் அங்கே சுத்தியல் சத்தம். வீட்டுத் திண்ணையிலேயே பட்டறை. தகட்டை வளைத்துப் பற்றவைத்து, கம்பியில் கவிழ்த்துப் போட்டு, ஒரே அளவில் தட்டிக்கொண்டே போவார்கள். தை நெருங்கினால் பொங்கல் பானை வேலையில் ராத்திரியும் ஓயாது. பனியன் வந்து ஊரையே மாற்றிய பிறகும் அந்தத் தொழில் அந்தத் தெருக்களைவிட்டுப் போகவில்லை. எதிர்த் திண்ணையில் ஒரு பெரியவர் தட்டுவார். பித்தளைக் குடத்தின் கழுத்தில் விழுந்த ஒவ்வொரு அடியும் ஒரு சின்னக் காசளவு தடம் விட்டிருக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. அப்படி ஒரு குடம் வாங்க அம்மாவுக்கு ஆசை. பிளாஸ்டிக் குடத்தோடுதான் அவள் காலம் போயிற்று.

அங்கே வீடு கிடைப்பதற்குள் பட்ட பாடு வேறு. தண்ணீரைப் பற்றி அம்மா கேட்பதற்கு முன் வீட்டுக்காரர்கள் எங்களைக் கேட்டார்கள். எந்த ஊரு, எத்தனை பேரு, சொந்தக்காரங்க வந்து தங்குவாங்களா. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்?" ஒருவர் பதிலைக் கேட்டதும், ஏற்கெனவே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். மறு வாரமும் அந்த வாசலில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கியது. ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது என்கிறார்களே, அது கதவு திறக்கிறவர்களுக்கு மட்டும் உள்ள வசதி. மற்றவர்கள் திறந்த கதவுக்குள் போனார்கள். அது ஆற்றங்கரையோ ஓடைக்கரையோ என்று பார்க்க முடியவில்லை.

ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம் என்று நகரத்துக்குள்ளேயே ஓடைகள் உண்டு. சாக்கடை மட்டும் போகிற பள்ளங்கள் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். 2011 நவம்பரில் ஒரு ராத்திரி மழைக்கு ஜம்மனையில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. உயிர்களும் போயின. அங்கே இருந்தவர்கள் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் இருக்கவில்லை. வேலைக்கு நடந்து போகலாம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பக்கம், ஊர்க்காரர் நாலு பேர் அருகில் இருக்கிறார்கள் என்றுதான் இருந்தார்கள். பின்னாளில் கரையோரத்தவர்களை வீரபாண்டி போன்ற இடங்களில் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். வெள்ள பயம் போயிற்று. ஆனால் நடந்து போன வேலைக்குப் பஸ் தேவைப்பட்டது.

அதே 2011, ஜனவரி 28. சாயக்கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். 700-க்கு மேற்பட்ட பட்டறைகள். சாயம் இல்லையென்றால் துணி இல்லை, துணி இல்லையென்றால் பவர் டேபிளில் தைக்க வேலை இல்லை. எங்கள் லைனில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. தேனிக்காரர் போனார், திருவாரூர்க்காரர் போனார். ஊரெங்கும் 'டூ லெட்' அட்டை. நல்ல குழாய் உள்ள வீடுகூடக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. குடிவரத்தான் ஆளில்லை. விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். காலம் கடந்து வந்த அந்த நியாயத்தின் விலையை லைன் வீடுகள்தான் கொடுத்தன.

காவிரித் தண்ணீர் 2005-லேயே வந்திருந்தது. பவானிப் பக்கத்திலிருந்து குழாய் போட்டு, நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். தண்ணீர்த் திட்டத்தில் தனியாரும் பங்கெடுத்ததென்று நாடெங்கும் பேசினார்கள். அதில் பெரும்பங்கு சாயப்பட்டறைகளுக்கு. தெருவுக்கு வந்தது மிச்சம். இன்றும் பல தெருக்களில் தண்ணீர் விடுகிற நாள் தெரிந்துதான் கல்யாணத்துக்கே நாள் பார்க்கிறார்கள்.

தேனிக்காரரும் திருவாரூர்க்காரரும் இருந்த லைன்களில் இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். அதே வாளி வரிசை. ஓர் அறையில் எத்தனை பேர் என்று எண்ணினால் மனசு கஷ்டப்படும். "இந்திக்காரங்களுக்கு வீடில்லை" என்று சொல்கிற வாசலில், என்ன ஆளுங்க என்று எங்களைக் கேட்ட குரல் எனக்குக் கேட்கிறது. 2020-ல் ஊரடங்கின்போது அவர்கள் மூட்டையோடு ஊர் கிளம்பினார்கள். போக வேண்டாம் என்று பிடித்து வைக்கிற மாதிரி ஒரு வீடு இங்கே அவர்களில் பலருக்கு இருக்கவில்லை.

பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவன் கம்பெனி நேதாஜி அப்பேரல் பார்க் பக்கம், அதாவது எட்டிவீரம்பாளையம். அதனால் ஆற்றைத் தாண்டித் தெற்கே பார்க்காதே என்றேன். திருமுருகன்பூண்டியோ அனுப்பர்பாளையமோ பெருமாநல்லூரோ பார். பூண்டியில் கோயில் இருக்கிறது, சாயங்காலம் உட்கார இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்டால் ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளத்துக்குப் போ. 2022-ல் அதைப் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பனிக்காலத்தில் இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்து வரும். இவ்வளவும் கெட்ட பிறகு இந்த ஊர்த் தண்ணீரில் பறவை இறங்குகிறதே என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் வருகிறது.

"அபார்ட்மெண்ட்ல போர் தண்ணிதானாம் சித்தி, ஆனா ஆர்.ஓ. போட்டிருக்காங்களாம்" என்றான். ஆர்.ஓ. குடிக்கத்தான் ஆகும். குளிக்க, துவைக்க என்ன தண்ணீர், அது எத்தனை நாளைக்கொரு முறை, மழைக்கு வாசலில் எவ்வளவு நிற்கும் என்பதை புரோக்கரிடம் கேட்காதே. அந்தத் தெருவில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்களிடம் கேள் என்றேன்.

அவனைப் போன்றவர்களுக்கு வீடு கிடைத்துவிடும். என் கவலை லைன் வீடுகளைப் பற்றித்தான். திருப்பூரில் வாடகைக்கு வீடு விடுகிறவர்களே, இந்த ஊர் வந்தவர்கள் கையால் தைத்த ஊர். வீட்டுக்கு ஒரு கழிவறையும் ஒரு குழாயும் கட்டிக் கொடுங்கள். அதற்கு நியாயமான வாடகை வாங்கிக்கொள்ளுங்கள். சாதியும் பாஷையும் கேட்காமல் சாவியைக் கொடுங்கள்.