பெயர் பறிக்கப்பட்ட மீன்

ஒரு பொருளுக்குப் பெயரிடும் உரிமை யாருக்குரியது? இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று ஆண்டுதோறும் நன்னூல் நடத்தும் என்னை இவ்வினாவோடு நிறுத்தியது வியட்நாமின் மீகாங் கழிமுகத்து மீன் என்றால் நண்பர்கள் வியக்கக்கூடும்.

அங்கே ஆற்றின் மிதவைக் கூண்டுகளிலும் கரையோரக் குளங்களிலும் 'டிரா', 'பாசா' என்னும் மீன்களை வளர்க்கிறார்கள். நம்மூர்க் கெளுத்தியின் உறவுதான். 1990களின் இறுதியில் இவை அமெரிக்காவில் 'கேட்ஃபிஷ்' என்ற பெயரில் மலிவாக விற்றன. மிசிசிப்பி மாநிலத்து வளர்ப்பாளர்கள் கலங்கினர். அவர்கள் கவலை பொய்யன்று. அவர்களும் முதலிட்டுத்தான் குளம் வெட்டினார்கள். 2001இல் அமெரிக்க நாடாளுமன்றம், வட அமெரிக்காவுக்குரிய ஒரு குடும்பத்து மீன்களைத் தவிர வேறெதற்கும் அப்பெயர் கூடாதெனச் சட்டமியற்றியது. பெயரை இழந்தபின்னும் மீன் விற்றது. எனவே 2002இல் பொருள்குவிப்பு வழக்கு வந்தது. 2003இல் 36.84 முதல் 63.88 விழுக்காடு வரை வரி விதிக்கப்பட்டது.

உள்நாட்டு விலையினும் குறைத்து அயல்நாட்டில் விற்பதே பொருள்குவிப்பு என்பர். ஆனால் வியட்நாமில் நிலவுவது சந்தைப் பொருளாதாரம் அன்று என முடிவுசெய்த அமெரிக்க வணிகத்துறை, அந்நாட்டு விலைகளை ஏற்கவில்லை. வங்கதேசத்து விலைகளைக் கொண்டு மீனின் 'நியாய மதிப்பை'க் கணக்கிட்டது. என் வீட்டு அடுப்புச் செலவை அடுத்த ஊர் விறகு விலையில் எழுதுவது போன்றது இது. வழக்கறிஞர் வைத்து விவரம் அளிக்க வல்ல நிறுவனங்களுக்கு வரி குறைந்தது. ஏனையோருக்கு உச்ச வரி. கூண்டில் மீன் வளர்ப்பவருக்கு அவ்வழக்கில் இடமே இல்லை. சுமை மட்டும், கொள்முதல் விலைக் குறைவாக அவரைத் தேடி வரும்.

வளரும் நாடுகளின் இன்றியமையா நலன் பாதிக்கப்படுமாயின், வரிக்கு முன் மாற்று வழிகளை ஆராய வேண்டும் என்கிறது உலக வணிக அமைப்பின் பொருள்குவிப்புத் தடுப்பு உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு. வியட்நாம் அவ்வமைப்பில் சேர்ந்ததோ 2007இல்தான். இவ்வாயுதம் செல்வ நாடுகளிடம் மட்டும் இருப்பதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்: 1995 முதல் இத்தகைய விசாரணைகளை மிகுதியாகத் தொடங்கிய நாடு இந்தியாவே.

2014இல் மற்றொரு சட்டம் வந்தது. இம்முறை கெளுத்தி வரிசை மீன்கள் அனைத்தும் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்குள் கொண்டுவரப்பட்டன. 2016இல் அந்த ஆய்வு தொடங்கியது. விற்கும்போது உறவில்லை என விலக்கப்பட்ட மீன், சோதிக்கும்போது உறவாகிவிட்டது. இப்பெயரை இடுகுறியில் சேர்ப்பதா, காரணத்தில் சேர்ப்பதா?