கம்பியா, காற்றா? - பினாங்கில் பத்து நாள்

வெளியூருக்குக் குடித்தனம் போகிறவர்கள் முன்பெல்லாம் முதலில் என்ன விசாரிப்பார்கள்? "தண்ணீர் எப்படி? வீட்டுக்குள் குழாய் உண்டா, தெருக்குழாய்தானா?" என்று கேட்பார்கள். சென்ற வருஷம் பினாங்குக்குக் குடித்தனம் போன என் சிநேகிதி கேட்ட கேள்வியே வேறு. "இன்டர்நெட் எப்படி? ஃபைபரா, மொபைலா?"

சிரிக்காதீர்கள்! இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காவிட்டால், ஒன்று அவள் பன்னிரண்டு வருஷ வேலையை விட்டுவிட வேண்டும்; இல்லையென்றால் கணவரைத் தனியே விட்டு, எட்டு வயதுப் பெண்ணுடன் சென்னைக்குத் திரும்ப வேண்டும். அப்படிப்பட்ட நிலைமை.

அவள் கணவருக்குப் பினாங்குத் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் இரண்டு வருஷ வேலை. 1972-ல் தொடங்கிய தொழிற்பேட்டை அது; கம்ப்யூட்டர்களுக்கான நுண்ணிய பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. சிநேகிதியோ சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறவள். வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தங்கள் நாட்டில் இருந்தபடி வேலை பார்ப்பவர்களுக்கென்று மலேசியா 2022-ல் 'டி.இ. ராந்தாவ்' என்னும் அனுமதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் மூன்று மாதம் முதல் ஒரு வருஷம் வரை. பிறகு இன்னொரு வருஷம் நீட்டிக்கலாம். அந்தச் சீட்டை அவள் வாங்கிவிட்டாள். காரியாலயத்து மேலதிகாரிதான் ஒரு நிபந்தனை போட்டார்.

"மூன்று மாதம் பார்க்கிறேன் அம்மா. கூட்டத்தில் உங்கள் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் வேறு ஏற்பாடுதான் செய்ய வேண்டியிருக்கும்."

அந்த மூன்று மாதத்தில் இரண்டாவது மாதம்தான் நான் பினாங்கு போய் இறங்கியது.

* * *

சென்னையைப் போலவே பினாங்கிலும் ஒரு ஜார்ஜ் டவுன் உண்டு. 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கீழே கடை, மேலே வீடு என்று ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய கட்டடங்கள். அவற்றின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை. வெயிலோ மழையோ, குடையில்லாமல் தெருக்கோடி வரை போய்வரலாம். குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். அதைச் சுற்றிப் பூக்கடை, புடவைக் கடை, மிட்டாய்க் கடை. "என்னம்மா வேணும்?" என்று தமிழில் கேட்கும்போது, கடல் தாண்டி வந்திருக்கிறோம் என்பதே மறந்துவிடுகிறது.

அந்தப் பக்கத்தில்தான் சிநேகிதி ஒரு வீட்டின் மாடியை மாத வாடகைக்கு எடுத்திருந்தாள். என்ன வீடு! முன்கட்டு, நடுவே வானம் பார்த்த முற்றம், பின்கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி நீளம். சுவர்களோ கோட்டைச் சுவர்கள். அவளுடைய பெண் முற்றத்தை விட்டு நகரவே மாட்டாள். மழை பெய்தால் கப்பல் விடுவாள்.

"வீடு பிரமாதம்டீ! ஆனால் இன்டர்நெட்?" என்றேன்.

"ஃபைபர் இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டேன். கம்பெனிக்காரர்கள் இருபத்துநாலு மாத ஒப்பந்தம் கேட்கிறார்கள், நடுவில் நிறுத்தினால் அபராதம், மாதத்துக்கு மாதம் குடி மாறும் வீட்டுக்கு அது எதற்கு என்கிறார். அதனால் மொபைல்தான். காலையில் சோதித்துப் பார்த்தேன், பறக்கிறது!"

அவள் சொன்னது பொய்யில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் கார்டு வாங்கினால், அன்றைக்கே வேலை ஆரம்பித்துவிடலாம். 2021 டிசம்பரிலிருந்து மலேசியாவில் 5ஜி வேறு வந்திருக்கிறது. காலை பத்து மணிக்கு முற்றத்து ஓரம் உட்கார்ந்தால் எல்லாம் மின்னல் வேகம்தான்.

தொல்லை வந்தது கடிகாரத்தால்!

பினாங்கு நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. சென்னைக் காரியாலயம் காலை ஒன்பதரைக்குத் திறக்கும்போது அங்கே நடுப்பகல் பன்னிரண்டு. இங்கே மாலை ஐந்தரை மணிக் கூட்டம் என்றால் அங்கே இரவு எட்டு. ஊரே சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு செல்போனில் சினிமா பார்க்கும் வேளை அது. நான் போன மூன்றாம் நாள், அந்த எட்டு மணிக் கூட்டத்தில் சிநேகிதி ஒரு கணக்கை விளக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று திரையில் எல்லாரும் சிலையானார்கள். இவள் பேசுகிறாள், பேசுகிறாள். அங்கே ஒருவருக்கும் கேட்கவில்லை. மறுபடி இணைந்தபோது மேலதிகாரி சொன்னது ஒரே வாக்கியம்: "பரவாயில்லை, வேறொருவரைச் சொல்லச் சொல்கிறேன்."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

* * *

கண்ணாடி இழைக்கும் செல்போன் அலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறீர்களா? தண்ணீரை வைத்தே சொல்கிறேன். மொபைல் என்பது தெருக்குழாய். கோபுரத்திலிருந்து வரும் அலையை அந்த வட்டாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். விடியற்காலையில் ஒரு குடம் நிமிஷத்தில் நிறையும். கூட்டம் சேர்ந்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, கனமான செங்கல் சுவர் அலையை விழுங்கிவிடும். முற்றத்தில் பறந்த இன்டர்நெட், பின்கட்டு அறையில் நொண்டியது அதனால்தான்.

ஃபைபர் என்பது வீட்டுக்குள் வரும் குழாய். மயிரிழைக் கண்ணாடிக்குள் ஒளியாகச் செய்தி ஓடுகிறது. அதையும் அண்டை வீடுகளோடு பங்கு போட்டுக்கொள்கிறோம் என்றாலும், நெருக்கடி மிகக் குறைவு, சுவர் தடுப்பதில்லை, இரவு எட்டுக்கும் காலை எட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சினிமா பார்க்க, இறங்கி வரும் வேகம் போதும். கூட்டத்தில் பேசவோ, நம் முகமும் குரலும் ஏறிப் போகும் வேகமும் வேண்டும். அதில்தான் நெரிசல் நேர மொபைல் காலை வாரிவிடுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. முகம் பார்த்துப் பேசும் கூட்டத்துக்கு மணிக்கு ஒன்று முதல் இரண்டரை ஜி.பி. வரை செலவாகும். தினம் மூன்று மணி நேரம், மாதம் இருபத்திரண்டு நாள் என்றால் 66 முதல் 165 ஜி.பி. வரை! 'அளவில்லை' என்று விளம்பரம் செய்யும் சில திட்டங்களில், செல்போனிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதற்கு மட்டும் தனி அளவு வைத்திருப்பார்கள். சின்ன எழுத்தையும் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

அப்படியானால் எல்லாரும் ஃபைபருக்கே போக வேண்டுமா? அதுதான் இல்லை. மறுநாள் காலை சிநேகிதியின் கணவர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எது வேகம் என்பதை அப்புறம் பார்ப்போம். எத்தனை நாள் இருக்கப் போகிறோம்? அதை முதலில் எழுது" என்றார். ஒரு மாதம் தங்குகிறவர் இருபத்துநாலு மாத ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லை. அவர் ஃபைபர் ஏற்கெனவே இருக்கிற வீடாகத் தேட வேண்டும். இல்லையென்றால் மொபைலை நம்ப வேண்டும். இவர்களுக்கோ இரண்டு வருஷம். ஒப்பந்தமும் இரண்டு வருஷம். ஜாதகப் பொருத்தம் பார்த்த மாதிரி அல்லவா இருக்கிறது!

ஆனால் அதற்கு வீடு மாற வேண்டும். பாயான் லெப்பாஸ் பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், வாசல் வரை இழை வந்திருந்த ஒரு வீடு கிடைத்தது. சிநேகிதி பகலில் போய்ப் பார்த்தாள். பிறகு இரவு எட்டு மணிக்கு மறுபடி போய், மேஜை போடப் போகிற மூலையிலேயே நின்று, பக்கத்து வீட்டு அம்மாளின் ஃபைபரைச் சோதித்துப் பார்த்தாள். அவர்களும் நல்ல மனுஷி. காபி கொடுத்து உபசரித்தார்கள்.

புது வீட்டில் முற்றம் இல்லை. கோயில் மணி கேட்காது. குழந்தை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "இங்கே கப்பல் எங்கேம்மா விடறது?" என்று அவள் கேட்டபோது எங்கள் இருவருக்கும் பதில் தெரியவில்லை.

* * *

நான் புறப்படுவதற்கு முதல் நாள் ஒரு வேடிக்கை நடந்தது. பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்தின் நடுவே கட்டடத்தில் மின்சாரம் போய்விட்டது! ஃபைபர் பெட்டி மின்சாரம் இல்லாமல் வெறும் பெட்டிதானே? விளக்குகள் அணைந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சிநேகிதி பதறவில்லை. மடிக்கணினியில் பாட்டரி இருந்தது. பழைய சிம் கார்டை அவள் எறிந்துவிடவில்லை. சின்னத் திட்டமாக மாற்றி, செல்போனை ஜன்னலோரம் வைத்திருந்தாள். அரை நிமிஷத்தில் இணைப்பு வந்தது. மூன்று மணிக்குத் தெருக்குழாயில் கூட்டமில்லை பாருங்கள்! நாற்பது நிமிஷம் கழித்து மின்சாரம் வந்தது. நடந்தது சென்னையில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று மாலை ஜார்ஜ் டவுன் கடற்கரைக்குப் போனோம். நம் சென்னைக்கும் இந்தத் தீவுக்கும் 1870-ல் கடலடியில் தந்திக் கம்பி போட்டார்கள். அது சிங்கப்பூர் வரை சென்றது. பிறகு ரஜூலா கப்பல் எத்தனையோ குடும்பங்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது. கணவன் இங்கே, மனைவி அங்கே என்று கடிதத்திலேயே காலம் தள்ளியவர்கள் எத்தனை பேர்! இன்று சென்னையையும் பினாங்கையும் தொட்டுச் செல்லும் கண்ணாடி இழைக் கம்பி ஒன்று அதே வங்கக் கடலின் அடியில் கிடக்கிறது.

போன மாதம் சிநேகிதியிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு வருஷமும் அங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிட்டதாம். குழந்தை இப்போது பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்துக் கப்பல் விடுகிறாளாம்.

நீங்களும் வெளிநாட்டில் இருந்தபடி உள்ளூர் வேலை பார்க்கப் போகிறீர்களா? வீடு பார்க்கும்போது சமையலறை, காற்று, வெளிச்சம் எல்லாவற்றையும் பாருங்கள். எத்தனை மாதம் தங்குவீர்கள் என்பதை வைத்து ஒப்பந்தம் போடுங்கள். ஃபைபர் வந்த பிறகும் சிம் கார்டைக் கையில் வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் காரியாலயக் கூட்டம் அந்த ஊர்க் கடிகாரத்தில் எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டு, அந்த மணிக்கே இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்!