முதலில் விசாரித்தாரே!

குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஞாயிறு பள்ளி நடத்தியவள் நான். வசனத்தைப் படித்து வராத சிறுமி ஒருத்தியை ஒருநாள் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். மறுவாரம் அவள் வரவில்லை. லயத்துக்குத் தேடிப் போனேன். "டீச்சர், அவ மலாய்ப் பள்ளியில படிக்கிறா. தமிழ் எழுத்தே தெரியாதுங்க" என்றார் அவள் தாயார். ஆறு மாதம் பாடம் நடத்திய நான், அதைக்கூட விசாரித்ததில்லை!

அன்றிரவு சீகன்பால்கு ஐயர் நினைவுக்கு வந்தார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் அவர். போதிக்க வந்தவர், முதலில் தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். 1708-இல், தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் எழுதினார். பிறகு அவரும் கிரண்ட்லர் ஐயரும் தமிழர்களிடம் அவர்கள் சமயம், வழக்கம் பற்றிக் கடிதம் மூலம் கேள்வி கேட்டார்கள். வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார்கள். இத்தனை விசாரணைக்கும் நடுவில்தான் பள்ளிகள் வளர்ந்தன. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது.

ஆராய்ச்சி என்றதும் பெரிய படிப்பு என்று மலைக்காதீர்கள். பிள்ளைக்கு என்ன தெரியும், ஏது தெரியாது என்று கேட்டறிவதுதான் அதன் முதல் படி. பக்தி மட்டும் இருந்தால் பாடம் ஏறிவிடாது.

அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். வசனத்தை ஒதுக்கி வைத்து, 'அ'வன்னாவில் தொடங்கினோம்.

உங்கள் பிள்ளை போவது தேவாலய வகுப்போ, கோயில் வகுப்போ, எதுவானாலும் ஆசிரியரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லி வையுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். என்னைப் போல் கேட்க மறந்தவர்களும் உண்டு.