பாலும் பழியும்

பிள்ளை பெற்றவளின் மார்பில் முதல்நாளே பால் பெருகாவிடின் சுற்றியிருப்போர் பார்வை அவள்மீதே திரும்புகின்றது. அன்பே பாலாய்ச் சுரக்கின்றது என்னும் நம்பிக்கை காவியத்தில் அழகானது. பிரசவ விடுதியிலோ கொடியது. பாற்சுரப்பியின் கலங்களுள் நிகழ்வதை அறிந்தோர் அப்பழியைச் சுமத்தத் தயங்குவர்.

உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் உள்ளது ஒரே பரம்பரையலகுத் தொகுதிதான். அவற்றுள் எவை, எப்போது இயங்குகின்றன என்பதிலேயே வேறுபாடு தங்கியுள்ளது. கருவுற்றதும் மார்பினுள் கிளைத்த கான்களின் நுனிகளிற் பாற் சிற்றறைகள் பெருகுகின்றன. பாற்புரதமாகிய கேசினை ஆக்கும் பரம்பரையலகுகள் கர்ப்பகாலத்திலேயே இயங்கத் தொடங்குகின்றன. ஆயினும் பால் பெருகுவதில்லை. சூல்வித்தகம் சுரக்கும் புரொஜெஸ்தரோன் தடுத்து நிற்கின்றது. பிரசவத்திற் சூல்வித்தகம் வெளியேறிய பின்னரே தடை நீங்கி, கபச்சுரப்பியின் புரோலக்டின் முழுவலிமையோடு தொழிற்படுகின்றது. அல்பா-லக்டல்புமின் என்னும் புரதம் மிகுந்து பாற்சர்க்கரை உண்டாக, அச்சர்க்கரை நீரை ஈர்க்க, பால் பெருகுகின்றது. இதற்கு வழக்கமாக 2 அல்லது 3 நாட்கள் செல்லும். அதுவரை சிறிதளவாய் வரும் சீம்பாலே சிசுவின் இயல்பான உணவு. சூல்வித்தகத் துண்டொன்று கருப்பையில் தங்கிவிடினும் பால் பிந்தலாம். சர்க்கரைத் தண்ணீரும் கரண்டியுமாய்க் காத்து நிற்கும் மாமியார் இவற்றை அறியார். குழந்தை அடிக்கடி உறிஞ்சுவதே புரோலக்டினைத் தூண்டும் என்பதையும் அறியார்.

தலைப்பிள்ளைக்காரிக்கே இத்தாமதம் பெரிதும் நேர்கின்றது. பழியும் அவளுக்கே மிகுதி. பிள்ளை பால்குடி மறந்தபின் சிற்றறைக் கலங்களிற் பெரும்பாலானவை மடிய, சுரப்பி ஏறக்குறையப் பழைய தோற்றத்துக்கு மீள்கின்றது. எனினும் அது முற்றாக மறப்பதில்லை. 2015இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தார் சுண்டெலிகளில் இதனைக் காட்டினர். முன்னர் ஈன்ற எலிகளின் பாற்சுரப்பிக் கலங்களில், டி.என்.ஏ. மீதிருந்த மெதைல் அடையாளங்கள் சிற்சில இடங்களில் அகன்றிருந்தன. அந்நிலை நெடுநாள் நீடித்தது. கர்ப்ப ஓமோன்கள் மீண்டும் வந்தபோது பரம்பரையலகுகள் விரைந்து இயங்கின.

எலியிற் கண்டதைப் பெண்ணுக்கு அப்படியே பொருத்துதல் அவசரமாகும். எனினும் பெண்களிலும் இரண்டாம் பேற்றிற் பால் பொதுவாக முந்தியே பெருகுகின்றது. அப்பொழுது, "இப்போதுதான் இவளுக்குப் பிள்ளைப்பாசம் வந்தது" என்று ஊர்க்கிழவி மகிழ்கின்றாள். மூத்த பிள்ளையோ, தாயின் சேலையைப் பற்றியபடி, அருகிலேதான் நிற்கின்றது.