யார் சொன்னது? எங்கே? எப்போது?

பெரிய முதலியார்சாவடி மீனவர் குப்பத்தில், வலை பின்னும் கொட்டகைக்குக் கிழக்குப் பக்கம் சுவர் கிடையாது. காற்று வரட்டும் என்று விட்டது. அந்தத் திறந்த பக்கத்துத் தூணில் சாய்ந்துதான் ஒரு பெண் எழுதுகிறாள். எம்.ஏ. வரலாறு, கடைசி செமஸ்டர். தாள் பறக்காமலிருக்க, பழைய வலையில் கழற்றிய ஈயக் குண்டுகளை நான்கு மூலையிலும் வைத்திருக்கிறாள். கொட்டகைக்குள் அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் வலையில் அறுந்த கண்ணிகளைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். மாலை நேரத்தில் நானும் அங்கே ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பேச்சுக் கொடுப்பதில்லை. எழுதுகிற பிள்ளையைக் கலைக்கக் கூடாது.

மடியில் இருப்பது ஆய்வேட்டின் முதல் வரைவு. ‘முன்னுரை’ என்று நடுவில் தலைப்பு. கீழே, “மனித வாழ்வில் கடல் முக்கியப் பங்கு வகிக்கிறது” என்று தொடங்குகிறது. நெறியாளர் மேடம் அந்த வரியைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் மூன்றே கேள்விகள்: “யார் சொன்னது? எங்கே? எப்போது?” அடுத்த பத்தியிலும் அதே மூன்று. நான்காம் பக்கம் வரும்போது “எப்போது?” மட்டும் மிஞ்சியிருக்கிறது, அடியில் இரட்டைக் கோடு. ஒரு ஆசிரியர் மாணவருக்குத் தரக்கூடிய திருத்தத்தில் இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

தலைப்பே இரண்டு தரம் மாறியது. முதலில் ‘தமிழகக் கடலோர மக்களின் வாழ்வியல் – ஓர் ஆய்வு’. “இதுக்கு உன் ஆயுசு பத்தாதும்மா” என்றாராம் மேடம். அடுத்து ‘மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரை’. அதில் மரக்காணத்து உப்பளம் வந்தது, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி வந்தது, மரக்காணம்தான் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் என்று அறிஞர்கள் கருதுவதும் வந்தது. எல்லாம் நல்ல சரக்குதான். ஒரு எம்.ஏ. ஆய்வேட்டுக்குள் அடங்காது. கடைசியில் நின்றது: ‘பெரிய முதலியார்சாவடிக் கடற்கரையில் மணல் குறைந்த வரலாறு’. தலைப்பு சுருங்கச் சுருங்க அவள் கை வேகமாக ஓடியதைப் பார்த்தேன். கேட்பதற்கு ஆட்கள் பத்தடியில் இருந்தார்கள், அதுதான் காரணம்.

புத்தகத்தில் இருக்கிற செய்தியை அவள் முன்பே சேர்த்துவிட்டாள். ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குக் காற்றுக் காலத்தில், இந்தக் கரையை ஒட்டி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் திரும்பி ஓடும். மொத்தக் கணக்கில் வடக்குதான் மிஞ்சும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் சேர்ந்தது; வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு கல் முடிந்த இடத்திலிருந்து இன்னும் வடக்கே, விழுப்புரம் மாவட்டக் குப்பங்களை நோக்கி நகர்ந்தது. செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்துக்குப் போய்வந்த அன்று அவள் நோட்டில் புதிதாக ஒரு வரி: பழைய கடல்பாலங்கள் தூண்கள்மேல் நின்றன, மணல் அடியில் போக வழி இருந்தது. இந்த ஒரு வரி அவளுடைய இரண்டாம் இயலையே தாங்கும்.

சிக்கல் அவளுடைய ஆயாவிடம் வந்தது.

“ஆயா, மணலு எப்ப போச்சு?”

“சுனாமிக்கு அப்புறந்தாண்டி. எல்லாத்தையும் அதுதான் வாரிக்கினு போச்சு.”

“இல்லம்மா, தானே புயலப்பதான்” என்று உள்ளேயிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்.

சுனாமி 2004, தானே 2011. புத்தகங்கள் சொல்வதோ இரண்டுக்கும் முந்தைய கதை. அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே எழுதி, யார், என்ன வயது, என்றைக்குச் சொன்னது என்று பக்கத்தில் குறித்தாள். மேடத்தின் மூன்று கேள்விகளும் இப்போது அவள் கையெழுத்தில் இருந்தன.

ஆயா நிறுத்தவில்லை. “உங்க அத்தை கல்யாணத்துக்கு அந்தா, அலை ஒடையுதே, அங்கதான் மணல்ல பந்தல் போட்டோம். பந்தலத் தாண்டியும் வலை காயவைக்க எடம் கெடந்துச்சு.”

“எந்த வருஷம் ஆயா?”

“வருஷத்த யாரு கண்டா. பத்திரிக பொட்டியில கெடக்கும் பாரு.”

ஈயக் குண்டை எடுத்து நோட்டின் மேல் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் மூலையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ், 1998 என்று அச்சிட்டது. கூடவே ஒரு புகைப்படம். பந்தல் கால், ஒரு வாழைமரம், பின்னால் மணலில் விரித்துக் காயும் வலை, அதற்கும் பின்னால் கடல். சித்தப்பா எழுந்து வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். கரையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து ஊசியை எடுத்தார்.

அன்று அவள் எழுதிய வாக்கியம்: “1998-இல் பரந்து விரிந்த மணற்பரப்பு இருந்தது.” படித்துப் பார்த்து ‘பரந்து விரிந்த’ என்பதை அடித்தாள். படம் அளவு சொல்லவில்லை அல்லவா? “பந்தல் போடவும் அதற்கு அப்பால் வலை உலர்த்தவும் போதுமான மணல் 1998-இல் இருந்தது” என்று மாற்றினாள். எழுத்தில் நேர்மை என்பது இப்படி இரண்டு சொற்களை விட்டுக்கொடுப்பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆயாவின் சுனாமியையும் அவள் அடிக்கவில்லை. ஒரே நாளில் வந்த அழிவு நினைவில் நிற்கிறது, ஆண்டாண்டாகக் கரைந்தது நிற்பதில்லை என்று ஒரு பத்தி எழுதி, அதற்கு அடியில் ஆயாவின் பேச்சை அவர் சொன்ன மொழியிலேயே வைத்தாள்.

உலகக் கடல்களைப் பற்றிய முதல் நான்கு பக்கமும் போயின. கஷ்டப்பட்டு எழுதியவை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், கிழிக்க மனம் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை முதல் இயலுக்கு வந்தது. துறைமுகம் இரண்டாவதாக நகர்ந்தது. வரிசை மாறியதும் இடையில் நின்ற பத்திகளின் தொடக்க வரிகளெல்லாம் பொருந்தாமல் போக, அவற்றை மறுபடி எழுதினாள். திருத்தம் என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்று நினைப்பவர்கள் இந்த வேலையை அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

டைப் அடிக்கப் போன கடையில் ஒருவர், “எதுக்கும்மா இவ்வளவு பாடு, ரெடிமேடா பிராஜெக்ட் இருக்கு, பேரை மட்டும் மாத்திக்கலாம்” என்றாராம். அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட கடைகள் கல்லூரி இருக்கும் ஊர்களிலெல்லாம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி, ஆய்வேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் திருத்தித் தரவேண்டும். 60 சதவீதம் தாண்டினால் பதிவே ரத்து. விதி கிடக்கட்டும். அந்த ரெடிமேடு கட்டில் ஆயாவின் பந்தல் இருக்காது. அதை எழுத இந்தக் குப்பத்துப் பிள்ளையால்தான் முடியும்.

கடற்கரையோரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்கு ஒரு மாணவர் நோட்டோடு வந்து பழைய கதை கேட்டால், வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து கல்யாணப் பத்திரிகை, படம், படகு வாங்கிய ரசீது எதுவானாலும் எடுத்துக் காட்டுங்கள். படத்தின் பின்பக்கம் இடமும் வருஷமும் தெரிந்தவரை எழுதிவையுங்கள். பேனாவால் வேண்டாம், மை ஊறிவிடும், பென்சிலால் எழுதுங்கள்.